90 நாளும், அதற்கு அப்புறமும்

என் அலமாரியின் மேல்தட்டில் 8 வருடத்துக்கு முந்தைய நோட்டு ஒன்று இருக்கிறது. முதல் பக்கத்தில் 82.4 என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன். அதிலிருந்து நாளுக்கு ஒரு வரி: காலை எடை, அன்றைக்குச் சாப்பிட்டது, ஆசைப்பட்டும் சாப்பிடாமல் விட்டது. 90-வது நாளில் 69.1 என்று பெரிதாக எழுதி வட்டம் போட்டிருக்கிறேன். அதற்கு அடுத்த பக்கம் வெறும் பக்கம். அதற்கடுத்ததும் அப்படியே. பாதி நோட்டுக்கு மேல் எழுதப்படாமல் கிடக்கிறது.

அந்த வெறும் பக்கங்களில் என்ன நடந்தது என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன். எடையை எப்படிக் குறைப்பது என்று சொல்லித்தர எத்தனையோ பேர் இருக்கிறார்கள். 91-வது நாள் காலையில் எழுந்து என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அடுத்த 14 மாதத்தில் நான் 86 கிலோவுக்கு வந்து சேர்ந்தேன். தொடங்கின இடத்தையும் தாண்டி 3.6 கிலோ கூடுதல்.

அந்த 90 நாள் திட்டம் ஒரு ஜிம்மில் அச்சடித்துக் கொடுத்தது. தானியம் அறவே கூடாது, பழம் கூடாது. இரண்டு வேளைதான் சாப்பாடு. முட்டையின் வெள்ளைக்கரு, கீரை, வெள்ளரிக்காய், மறுபடியும் வெள்ளைக்கரு. காலையில் ஒரு மணி நேரம் ஓட்டம். முதல் வாரத்திலேயே 4 கிலோ இறங்கியது. எடை மெஷினில் நின்றபடியே அழுதேன், அவ்வளவு சந்தோஷம்.

அந்த 4 கிலோ என்ன என்று அன்றைக்கு ஒரு கணக்குப் போட்டிருந்தால் பிறகு வந்த பல ஏமாற்றங்கள் தவிர்ந்திருக்கும். நம் உடம்பிலுள்ள கொழுப்புத் திசுவில் ஒரு கிலோவுக்குச் சுமார் 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. 4 கிலோ கொழுப்பை 7 நாளில் கரைக்க வேண்டுமென்றால் ஒரு நாளைக்கு 4,400 கலோரி பற்றாக்குறை விழ வேண்டும். நான் நாள் முழுக்கச் செலவழிப்பதே அதில் பாதிதான் இருக்கும். ஆக, ஒன்றுமே சாப்பிடாமல் கிடந்திருந்தாலும் அது நடக்காது. உண்மையில் போனது பெரும்பாலும் தண்ணீர். கல்லீரலும் தசைகளும் மாவுச்சத்தைக் கிளைகோஜனாகச் சேமித்து வைக்கின்றன. மொத்தம் ஏறக்குறைய 400 முதல் 500 கிராம் வரை. அதில் ஒவ்வொரு கிராமும் கிட்டத்தட்ட 3 கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கும். தானியத்தை நிறுத்தினால் அந்தச் சேமிப்பு தீரும், கூடவே தண்ணீரும் வெளியேறும். குடலில் இருக்கும் உணவின் கனமும் குறையும். மறுபடி ஒருநாள் வயிறாரச் சாப்பிட்டால் எல்லாம் திரும்பி வந்துவிடும். அப்படித் திரும்பி வந்த நாளில் நான் என்னையே வெறுத்தேன். வெறுக்க அதில் எதுவுமே இல்லை, வந்தது தண்ணீர்.

இரண்டாவது மாதத்தில் வேறொன்று தொடங்கியது. எப்போதும் சாப்பாட்டு நினைப்பு. வேலைக்கு நடுவில், பேச்சுக்கு நடுவில், தூங்கப் போகும்போது. இரவு 12 மணிக்குப் படுக்கையில் சமையல் வீடியோ பார்ப்பேன். ஒன்று முடிந்தால் அடுத்தது. நான் சாப்பிடவே போகாத பதார்த்தங்களுக்கு அளவு குறித்து வைத்துக்கொள்வேன். கை கால் எப்போதும் சில்லென்று இருக்கும். சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுவேன். என் மனதில் ஏதோ கோளாறு என்று பயந்தேன், யாரிடமும் சொல்லவில்லை.

பல மாதம் கழித்துத்தான் மின்னசோட்டா ஆய்வைப் பற்றி விரிவாகப் படித்தேன். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், 1944 நவம்பரில், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் தொடங்கிய ஆய்வு அது. போரில் பட்டினி கிடந்த மக்களை எப்படித் தேற்றுவது என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஆயுதம் ஏந்த மனச்சாட்சி இடம் தராத 36 இளைஞர்கள் தாங்களாக முன்வந்தார்கள். 24 வாரம் அவர்களுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1,600 கலோரிதான். எடையில் சுமார் கால் பங்கு போயிற்று. அவர்களுக்கும் குளிர் தாங்கவில்லை. எரிச்சலும் சோர்வும் வந்தன. சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்து உட்கார்ந்து படித்தவர்கள் இருந்தார்கள். பட்டினிக்காலம் முடிந்து வயிறு முட்டச் சாப்பிட்ட பிறகும் பசி அடங்கவில்லை என்றவர்கள் இருந்தார்கள்.

படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். 1,600 கலோரி என்பது இன்றைக்குப் பல டயட் திட்டங்களில் தாராளமான அளவு! அவர்கள் இளம் ஆண்கள், நிறைய நடக்க வைக்கப்பட்டவர்கள், என்னோடு அப்படியே ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் என் இரவு நேர வீடியோக்களும் அவர்களுடைய சமையல் புத்தகங்களும் ஒரே இடத்திலிருந்து வந்தவை. பட்டினி போட்ட உடம்பு, சாப்பாட்டைத் தேடிப் போ என்று மூளையை நச்சரிக்கிறது. அது உடம்பின் வேலை. அதை மனவுறுதி இல்லாத குறையாக நான் எடுத்துக்கொண்டேன்.

இந்த நச்சரிப்பு எடை இறங்கியதோடு நின்றுவிடுவதும் இல்லை. கொழுப்புச் செல்கள் லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. 1994-ல் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு கண்டுபிடித்தது. சேமிப்பு போதுமான அளவு இருக்கிறது என்று மூளைக்குச் செய்தி சொல்வது அதன் வேலை. கொழுப்பு குறைந்தால் லெப்டினும் குறையும், மூளை பசியைக் கூட்டும். 2011-ல் வெளிவந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், 10 வாரம் மிகக் குறைந்த உணவில் எடை குறைத்தவர்களை ஒரு வருடம் கழித்துப் பரிசோதித்துப் பார்த்தார்கள். பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் அப்போதும் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கவில்லை. 2016-ல் கெவின் ஹால் குழுவின் ஆய்வு வந்தது. தொலைக்காட்சியில் எடை குறைப்புப் போட்டிக்காகப் படுவேகமாக இளைத்த 14 பேரை 6 வருடம் கழித்துப் பார்த்தபோது, குறைத்ததில் பெரும்பகுதி திரும்பி வந்திருந்தது. அதைவிட எனக்கு வலித்த விஷயம், அவர்களுடைய உடல் ஓய்வில் செலவழிக்கும் சக்தி, அந்த எடைக்கு இருக்க வேண்டியதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே இருந்தது.

இதையெல்லாம் படித்தால் 'அப்படியென்றால் முயன்றும் பயனில்லை' என்று தோன்றும். எனக்கும் சில மாதம் அப்படித்தான் தோன்றியது. அப்புறம் அக்கா வந்தாள்.

என்னைவிட 9 வயது மூத்தவள். நான் அடுத்த திட்டத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன். இந்த முறை 60 நாள். தாளை அவளிடம் காட்டினேன். முழுதும் படித்துவிட்டுக் கேட்டாள்: "சரிடி, இதை உன் 60 வயசுலயும் செய்வியா?"

"60 வயசுலயா? இது 60 நாளைக்குத்தான் அக்கா."

"அப்போ 61-வது நாள் என்ன சாப்பிடுவ?"

என்னிடம் பதில் இல்லை. அவள் தாளை மடித்து மேசையில் வைத்தாள். "60 வயசுலயும் செய்யலாம்னு தோணுற ஒண்ணே ஒண்ணு சொல்லு. அதை மட்டும் செய்."

நான் ரொம்ப நேரம் யோசித்து, சாப்பிட்டதும் 20 நிமிடம் நடப்பேன் என்றேன். அவ்வளவுதான். முதல் மாதம் முழுக்க அது மட்டும். உணவில் கையே வைக்கவில்லை. எடையில் எதுவும் மாறவில்லை, மாறும் என்று எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் மாதக் கடைசியில் நடக்காத நாள்தான் உறுத்தியது. அதற்குப் பிறகு நான் செய்த எல்லாமே அந்தக் கேள்வியில் தேறியவைதான். 60 வயதிலும் செய்வேனா? மாட்டேன் என்றால் இன்றைக்கும் வேண்டாம்.

இரண்டாவது மாதம், இரண்டு வாரத்துக்கு மட்டும், சாப்பிடுவதை அளந்து எழுதினேன். குறைக்கவில்லை, அளந்தேன். 1992-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. எவ்வளவு குறைவாகச் சாப்பிட்டாலும் எடை இறங்கவே இல்லை என்று சொன்ன 10 பேரை எடுத்துக்கொண்டு, அவர்கள் உண்மையில் எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று துல்லியமாகக் கணக்கிட்டார்கள். தாங்கள் சாப்பிட்டதாக அவர்கள் சொன்ன அளவு நிஜத்தைவிடச் சராசரியாக 47 சதவீதம் குறைவு. செய்ததாகச் சொன்ன உடலுழைப்பு 51 சதவீதம் கூடுதல். அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. நானும் சத்தியமாகக் 'கொஞ்சம்தான் எண்ணெய் விடுகிறேன்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். கரண்டியில் அளந்து பார்த்தபோது ஒருவேளைச் சமையலில் என் பங்குக்கு மட்டும் மூன்று மேசைக்கரண்டி வந்தது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் கிட்டத்தட்ட 120 கலோரி. எந்த எண்ணெயாக இருந்தாலும், எவ்வளவு நல்லதென்று பெயர் வாங்கியதாக இருந்தாலும், கணக்கு இதுதான். கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்தும் புரதமும் 4.

பாத்திரத்தில் சாய்த்து ஊற்றுவதை விட்டுக் கரண்டியால் விடத் தொடங்கினேன். ருசியில் பெரிய வித்தியாசம் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. முதல் வருடத்தில் எனக்கு 9 கிலோ இறங்கியது. அதை மொத்தமும் கொழுப்பென்றே வைத்துக்கொண்டு 7,700-ஆல் பெருக்கி 365-ஆல் வகுத்துப் பாருங்கள். சராசரியாக ஒரு நாளைக்கு 190 கலோரி. ஒன்றரை மேசைக்கரண்டி எண்ணெய்! 90 நாள் நான் பட்ட பாட்டை நினைத்தால் இந்த எண்ணை இன்றும் நம்ப முடியவில்லை. வாழ்க்கையைத் தலைகீழாக்க வேண்டியிருக்கவில்லை. சின்னதாக ஒன்றை மாற்றி, அதை மாற்றாமல் வைத்திருக்க வேண்டியிருந்தது.

எந்த டயட் சிறந்தது என்ற சண்டைக்குள் நான் போவதில்லை. 2018-ல் ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டோபர் கார்ட்னரும் குழுவினரும் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கொழுப்பு குறைந்த உணவு, மறு பாதிக்கு மாவுச்சத்து குறைந்த உணவு என்று ஒரு வருடம் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் இறங்கிய எடை சராசரியாக 5, 6 கிலோதான். குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. இரு தரப்புக்கும் சொல்லப்பட்டது, காய்கறி நிறையச் சாப்பிடுங்கள், சர்க்கரையையும் சுத்திகரித்த மாவையும் குறையுங்கள், முடிந்தவரை முழு உணவாகச் சாப்பிடுங்கள் என்பது. உங்களுக்கு எது ஒத்துவருகிறதோ அது சரி.

பசியைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். பசித்துக்கொண்டே இருக்கும் எந்த ஏற்பாடும் என்னிடம் நிற்கவில்லை. 1995-ல் சிட்னி பல்கலைக்கழகத்தில் சுசானா ஹோல்ட் என்ற ஆய்வாளர் 38 வகை உணவுகளைச் சோதித்தார். ஒவ்வொன்றிலும் ஒரே அளவு கலோரி, சுமார் 240. சாப்பிட்ட பிறகு இரண்டு மணி நேரம், கால் மணிக்கு ஒருமுறை, எவ்வளவு நிறைவாக இருக்கிறது என்று கேட்டுக் குறித்தார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 என்று வைத்து மற்றதை ஒப்பிட்டார்கள். முதலிடம் எதற்குத் தெரியுமா? வேகவைத்த உருளைக்கிழங்கு, 323. டயட் தாள்கள் எல்லாவற்றிலும் சிவப்பு மையில் அடித்துவிடும் அதே உருளைக்கிழங்கு! மீனும் ஆரஞ்சும் ஆப்பிளும் 200-ஐ ஒட்டி வந்தன. வெண்ணெய் மடித்துச் சுட்ட குரோசான் கடைசியில், 47.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது, தண்ணீரும் நாரும் புரதமும் அதிகமுள்ள உணவு வயிற்றை நிரப்பும், கலோரியை அவ்வளவாக நிரப்பாது. அதனால் தட்டில் முதலில் காய்கறி, தட்டில் பாதி. அப்புறம் ஒவ்வொரு வேளையும் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குப் புரதம்: முட்டை முழுதாக, மீன், பயறு, பருப்பு, தயிர், ஏதோ ஒன்று. மிச்ச இடத்தில் தானியம். அதை நான் விலக்கவே இல்லை, இடம் குறைந்தது அவ்வளவுதான். எடை குறைக்கும் காலத்தில் உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை புரதம் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. புரதத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. அதைச் செரிக்கவே அதிலுள்ள சக்தியில் 20 முதல் 30 சதவீதம் செலவாகிவிடும். ஆனால் நான் அதைப் பிடித்துக்கொண்டது அதற்காக அல்ல. காலையில் இரண்டு முட்டையும் ஒரு கிண்ணம் பயறும் சாப்பிட்டால் 11 மணிக்குப் பிஸ்கட் டப்பா ஞாபகத்துக்கு வருவதில்லை.

பிஸ்கட் டப்பாவைப் பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. கெவின் ஹால்தான் இதையும் செய்தார், 2019-ல். 20 பேரை ஒரு மாதம் ஆய்வு மையத்திலேயே தங்க வைத்தார்கள். இரண்டு வாரம் ஆலைகளில் மிகையாகப் பதப்படுத்தின உணவு, இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்தாத உணவு. பரிமாறியதில் கலோரியும் சர்க்கரையும் கொழுப்பும் நாரும் இரண்டிலும் சமம். எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். பதப்படுத்தின உணவின்போது அதே மனிதர்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், வேகமாகவும் சாப்பிட்டார்கள். இரண்டே வாரத்தில் ஏறக்குறைய ஒரு கிலோ ஏறியது; மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு இறங்கியது. நான் எந்தத் தின்பண்டத்தையும் தடை செய்யவில்லை. வீட்டில் கைக்கெட்டும் தூரத்தில் வைப்பதை மட்டும் நிறுத்தினேன். ஆசை வந்தால் வெளியே போய், ஒன்று வாங்கி, உட்கார்ந்து ருசித்துச் சாப்பிட்டுவிட்டு வருவேன். குற்றவுணர்ச்சி கிடையாது. சர்க்கரை போட்ட பானங்களை மட்டும் அடியோடு விட்டேன், ஏனென்றால் குடித்தது வயிற்றுக்குத் தெரியவே இல்லை.

உடற்பயிற்சிக்கு வருவோம். நடந்தால் கொழுப்பு கரையும் என்று நம்பி நடந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். 70 கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரம் சுமாரான வேகத்தில் நடந்தால் 250 கலோரிக்குப் பக்கத்தில் செலவாகும். அதிலும் சும்மா உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும் பங்கு அடக்கம். இரண்டு கைப்பிடி வறுத்த கொட்டைகளில் அது திரும்பி வந்துவிடும். இது தெரியாமல் ஓடி ஓடி முழங்காலைத்தான் கெடுத்துக்கொண்டேன்.

ஆனாலும் நடையை விடவே மாட்டேன். 1994-ல் அமெரிக்காவில் ரீனா விங், ஜேம்ஸ் ஹில் என்ற இருவர் ஒரு பதிவேடு தொடங்கினார்கள். குறைந்தது 13.6 கிலோ குறைத்து, அதை ஒரு வருடமாவது காப்பாற்றியவர்கள் மட்டும் அதில் சேரலாம். ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்தார்கள். ஆளுக்கொரு வழியில் குறைத்தவர்கள். ஆனால் பத்தில் ஒன்பது பேர் சராசரியாகத் தினமும் ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்பவர்கள், பெரும்பாலும் நடை. முக்கால்வாசிப் பேர் வாரத்துக்கு ஒருமுறையாவது எடை பார்ப்பவர்கள். குறைப்பதில் உணவின் கை ஓங்கியிருக்கிறது. குறைத்ததைக் காப்பாற்றும்போது உடலசைவு முன்னுக்கு வருகிறது. என் அனுபவமும் அதுவே.

நடக்கும்போது எனக்குப் பிடித்த ஒரு நினைப்பு உண்டு. கரைந்த கொழுப்பு எங்கே போகிறது? வியர்வையில் என்றுதான் பலரும் சொல்வார்கள். 2014-ல் ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரவுன் என்ற இருவர் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார்கள். 10 கிலோ கொழுப்பு போனால் அதில் 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடாக மூச்சில் போகிறது, மீதி 1.6 கிலோ தண்ணீராக. 86-லிருந்து நான் குறைத்த 13 கிலோவில் பெரும்பகுதி இந்தப் பாதை நெடுகக் காற்றில் கலந்திருக்கிறது.

முழங்கால் வலிக்காகப் போன இடத்தில்தான் அந்தப் பிசியோதெரபிஸ்ட் அம்மாவைச் சந்தித்தேன். 60 வயது இருக்கும். என்னை ஒரு நாற்காலியின் முன் நிறுத்தி, "உட்காரப் போங்கம்மா. ஆனா உட்கார்ந்துடாதீங்க, தொட்டதும் எழுந்திருங்க" என்றார். ஆறு தடவையில் தொடை நடுங்கியது. "இவ்வளவு எடையைத் தூக்கிட்டு நடக்கிற கால்தானே, ஏன் இப்படி ஆடுது?" என்று கேட்டேன். "பட்டினி கிடந்தப்போ கொழுப்பு மட்டுமா போச்சு? தசையும்தான் போச்சு. எடை திரும்ப வந்தப்போ கொழுப்பு வந்துச்சு, தசை வரல" என்றார்.

வாரத்துக்கு இரண்டு நாள், 25 நிமிடம். நாற்காலி ஸ்குவாட், சுவரில் கை ஊன்றி புஷ்-அப், ரப்பர் பட்டையை இழுப்பது, பிறகு ஒரு ஜோடி டம்பெல். ஒவ்வொரு சில வாரமும் ஏதாவது ஒன்று கொஞ்சம் கூட வேண்டும்: ஒரு தடவை, அரைக் கிலோ, ஏதோ ஒன்று. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் தந்த வழிகாட்டலும் இதையே சொல்கிறது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, கூடவே இரண்டு நாளாவது தசைப் பயிற்சி. வயிற்றுப் பயிற்சியால் தொப்பை மட்டும் தனியாகக் கரையாது. கொழுப்பு எங்கிருந்து போக வேண்டும் என்பதை உடம்புதான் முடிவு செய்யும். எனக்கு முகத்தில் முதலில் போனது, இடுப்பில் கடைசியில்.

பயிற்சி என்று பெயர் வைக்காத அசைவும் கணக்கில் உண்டு. 1999-ல் ஜேம்ஸ் லெவின் குழுவினர் 16 பேருக்கு 8 வாரம் நாளுக்கு 1,000 கலோரி கூடுதலாகக் கொடுத்தார்கள். ஒருவருக்கு ஏறிய கொழுப்பு 0.36 கிலோ, இன்னொருவருக்கு 4.23 கிலோ. தெரியாமலே அதிகம் அசைந்தவர்களுக்குக் குறைவாக ஏறியது. டயட்டில் இருக்கும்போது இதற்கு நேர் எதிராக நடப்பதை நான் கவனித்திருக்கிறேன். ஓடிவிட்டு வந்த நாளெல்லாம் மிச்சப் பொழுது சோபாவிலேயே கழியும். இப்போது போன் பேசும்போது நடக்கிறேன், படி ஏறுகிறேன்.

தூக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 2010-ல் 10 பேரைக் குறைந்த உணவில் வைத்து, 14 நாள் எட்டரை மணி நேரமும் 14 நாள் ஐந்தரை மணி நேரமும் படுக்கைக்கு அனுப்பினார்கள். இறங்கிய எடை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் தூக்கம் குறைந்தபோது போனதில் கொழுப்பின் பங்கு பாதிக்கும் கீழே. தசை முதலானவை அதிகம் போயின. நள்ளிரவுச் சமையல் வீடியோ இரண்டு வகையில் எனக்குக் கேடு செய்திருக்கிறது.

எடை மெஷினோடு எனக்கு ஒரு வழியாகச் சமாதானம் ஆனது சராசரி பார்க்கத் தொடங்கிய பிறகு. உப்பு தூக்கலான ஒரு சாப்பாடு, மாதவிடாய்க்கு முந்தைய நாட்கள், கடினமான பயிற்சிக்கு மறுநாள், இவை ஒவ்வொன்றும் என்னிடம் ஒன்றிலிருந்து இரண்டு கிலோ வரை ஏற்றிக் காட்டும். ஏழு நாள் எடையைக் கூட்டி ஏழால் வகுத்து, அந்த எண்ணை மட்டும் போன வாரத்தோடு ஒப்பிடுவேன். மாதம் ஒருமுறை இடுப்புச் சுற்றளவு. அது உயரத்தில் பாதிக்குள் இருப்பது நல்லது என்பார்கள். இரண்டாம் வருடத்தில் ஐந்து மாதம் எடை அப்படியே நின்றது. இடுப்பு மட்டும் 3 சென்டிமீட்டர் குறைந்தது. நாடா இல்லாமல் போயிருந்தால் அந்த ஐந்து மாதத்தில் நான் கைவிட்டிருப்பேன்.

இலக்கையும் கொஞ்சம் தளர்த்தலாம். 2002-ல் அமெரிக்காவில் நீரிழிவின் விளிம்பில் இருந்த 3,234 பேரிடம் நடந்த ஆய்வில், எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் நடப்பது என்று இலக்கு வைத்த குழுவினருக்கு நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. 86 கிலோவில் 7 சதவீதம் 6 கிலோதான். கண்ணாடியில் பெரிதாகத் தெரியாத அந்த 6 கிலோ உடம்புக்குள் அவ்வளவு வேலை செய்கிறது. இப்போது ஊசி மருந்துகளும் வந்திருக்கின்றன. அவற்றை எடுத்துக்கொள்பவர்களை நான் குறைவாக நினைக்க மாட்டேன். பசியின் கொடுமை எனக்குத் தெரியும். அவற்றில் ஒன்றான செமாக்ளுடைட் என்ற மருந்தை நிறுத்திய ஒரு வருடத்தில், இறங்கியதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்ததாக ஆய்வு காட்டியிருக்கிறது. எந்த வழியில் இறங்கினாலும் 91-வது நாள் வரத்தான் செய்யும்.

நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், தாய்ப்பால் கொடுப்பவர்கள், இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் பேசாமல் உணவில் கை வைக்க வேண்டாம். சாப்பாட்டோடு உறவு ஏற்கெனவே புண்பட்டிருப்பவர்கள், முன்பு என்னைப் போல இரவெல்லாம் அதே நினைப்பில் இருப்பவர்கள், அளப்பதையும் எடை பார்ப்பதையும் விட்டுவிட்டு முதலில் உதவி தேடுங்கள்.

இரண்டு வருடத்தில் 73 கிலோவுக்கு வந்தேன். அதன்பிறகு நாலு வருடமாக 72-க்கும் 76-க்கும் நடுவில் இருக்கிறேன். அந்த 76 வந்த கதையைச் சொல்ல வேண்டும். அம்மா திடீரென்று விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். ஆறு வாரம் ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்தேன். கிடைத்ததைச் சாப்பிட்டேன், உட்கார்ந்தபடியே தூங்கினேன். பழைய நானாக இருந்தால் 'போச்சு, எல்லாம் போச்சு' என்று நோட்டை மூடியிருப்பேன். லண்டனில் பிலிப்பா லாலி என்ற ஆய்வாளர் 96 பேர் ஒரு புதுப் பழக்கத்தைப் பிடித்துக்கொள்ள எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறியது, நடுவில் நிற்பவருக்கு 66. அதில் என்னைத் தேற்றியது வேறு ஒரு வரி: இடையில் ஒருநாள் விட்டுப்போனதால் பழக்கம் குலையவில்லை.

அந்த ஆறு வாரத்திலும் இரண்டாவது நோட்டில் எழுதினேன். ஒரு நாளின் வரி இது: 'எடை பார்க்கவில்லை. முட்டை 2. படி 4 தடவை. தூக்கம் 3 மணி. அம்மா கஞ்சி குடித்தாள்.' அன்றைக்கு முடிந்தது அவ்வளவுதான், அவ்வளவையும் எழுதினேன்.

வீட்டுக்கு வந்த அம்மாவை நடக்க வைக்கச் சொன்னார்கள். முதல் நாள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரே ஒருமுறை. நான் பக்கத்தில் நடந்தேன். நாற்காலியில் உட்கார்ந்து எழுவதை அவளுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன், எனக்குச் சொல்லிக்கொடுத்த அதே சொற்களில். மூன்று மாதத்தில் என் எடை 73.5-க்குத் திரும்பியது. என் நடையில் பாதி அவளுடைய நடையாக இருந்தது.

இப்போதும் மாலையில் சேர்ந்துதான் நடக்கிறோம். நோட்டில் நாளுக்கு இரண்டு வரி ஆகிவிட்டது, ஒன்று அவளுடையது. நேற்று எழுதிக்கொண்டிருக்கும்போது எட்டிப் பார்த்து, "11 சுத்துன்னு போட்டிருக்கே, 12 நடந்தேன்டி" என்றாள். அடித்துவிட்டு 12 என்று எழுதினேன்.